ஜெனிவா எந்தப் பக்கம் திரும்பும்?

"ஜெனிவாவைக் கடத்திப்போட்டாங்கள், மிஸ்!"

சரிபுதீன் கதவைத் தட்டவில்லை. தட்டத் தேவையும் இருக்கவில்லை. அவருடைய கருவாட்டு வாசம் அவருக்கு முன்னாலேயே மாடிப்படி ஏறி வந்து கதிரையில் உட்கார்ந்துவிட்டது.

சிவலட்சுமி சாப்பாட்டுப் பார்சலை மடித்து வைத்தாள். காப்புறுதி நிறுவனம் ஒன்றில் விபத்துக் கோரிக்கைகளை விசாரிக்கிற வேலையை விட்டுவிட்டு, மன்னார் நகரத்துப் பாமசி ஒன்றின் மேல்மாடியில் துப்பறியும் கந்தோர் திறந்தவள் அவள். பொய் சொல்கிறவர்களை அவளுக்கு மிகவும் பிடிக்கும். உண்மை பேசுகிறவர்களைவிட அவர்கள்தான் கூடுதல் விவரம் சொல்வார்கள்.

"ஜெனிவா எண்டது உங்கட மகளா, சரிபுதீன் நானா?" அண்ணன் என்ற பொருளில் ஊரே அவரை நானா என்றுதான் கூப்பிடும்.

"கழுதை, மிஸ்."

யன்னலோரம் நின்று பல் குத்திக்கொண்டிருந்த பைசர் திரும்பிப் பார்த்தான். பைசர் அவளுடைய உதவியாளன். அவனுடைய முச்சக்கரவண்டிதான் கந்தோரின் ஒரே வாகனம், அவனுடைய வாய்தான் கந்தோரின் ஒரே ஒலிபெருக்கி.

"கழுதைக்கு ஏன் நானா ஜெனிவா எண்டு பேர் வச்சனீங்கள்?"

"அது ஒவ்வொரு நாளும் பின்னேரம் சந்தியில வந்து நிக்கும். என்ன முடிவு சொல்லப்போகுதோ எண்டு ஊரே பாத்துக்கொண்டு இருக்கும். அது அந்தா இந்தா எண்டு இழுக்கும்."

"அந்த ஐ.நா. கூட்டம் மாதிரியே. பொருத்தமான பேர்தான்" என்றான் பைசர்.

சரிபுதீன் கதையைச் சொன்னார். ஓலைத்தொடுவாயில் நௌஷாட்டின் தேத்தண்ணிக்கடைக்கு முன்னால் வீதி இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் கடற்கரை, வலப்பக்கம் பள்ளிக்கூடம். அஸர் தொழுகைக்குப் பிறகு ஜெனிவா வரும், நிற்கும், யோசிக்கும். கடைசியில் ஏதாவது ஒரு பக்கம் திரும்பும். எந்தப் பக்கம் என்பதுதான் போட்டி.

"சூதாட்டம்" என்றாள் சிவலட்சுமி.

"சீச்சீ! சூது ஹறாம், மிஸ். நாங்கள் காசு வைக்கிறேல்ல."

"பிறகு?"

"சாமான் வைப்பம்."

முதலில் பிளேன்ரீ வைத்தார்கள். பிறகு கோழி. இப்போது சரிபுதீனின் மின்விசிறி, சைக்கிள், மனைவி றாபியாவின் தையல் மெஷின் எல்லாம் இன்பாஸ் என்பவனுடைய வீட்டில் இருக்கின்றன. இன்பாஸ் படகு இயந்திரம் திருத்துகிறவன்.

"ஒரு கிழமையா வலப்பக்கமே போகுது, மிஸ். இனி இடப்பக்கம் போகத்தானே வேணும்? எல்லாத்தையும் திருப்பி எடுக்கிற நேரம் பாத்து நேற்றுத் தொடக்கம் கழுதையைக் காணேல்ல. இன்பாஸ்தான் ஒளிச்சிருக்கிறான். இண்டைக்கு மஃரிபுக்கு முன்னம், பொழுதுபடுறதுக்குள்ள கண்டுபிடிச்சுத் தாங்கோ."

"இனி இடப்பக்கம் போகவேணும் எண்டது கழுதைக்குத் தெரியுமா?" என்று கேட்டான் பைசர்.

சரிபுதீன் அவனை இரக்கத்தோடு பார்த்தார். இந்த விளையாட்டின் நுட்பம் தெரியாத மனிதன்!

*

இன்பாஸின் வீட்டு முற்றத்தில் மின்விசிறிகள் வரிசையாக நின்று சுழன்றுகொண்டிருந்தன. கோழிகள் அந்தக் காற்றில் இறகு பறக்க நடந்தன. வீட்டுக்குள் போவதென்றால் சைக்கிள்களையும் காஸ் சிலிண்டர்களையும் தாண்ட வேண்டும். இவ்வளவு பொருளுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து இன்பாஸ் கண் கலங்கிக்கொண்டிருந்தான்.

"நான் ஏன் ஒளிக்கிறன், மிஸ்? வெல்லுறவன் ஆராவது விளையாட்டை நிப்பாட்டுவானா? எனக்குக் கழுதையின்ர காது தெரியும். இடக்காது ஆடினா வலம். ரெண்டும் ஆடினா இடம். உது அதிர்ஷ்டம் இல்லை, படிப்பு."

"ரெண்டும் ஆடாட்டி?"

"அப்ப நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன். அதுவும் சரிவரும்."

"தோத்தவை ஆராவது கோவத்தில ஒளிச்சிருக்கலாமே?"

இன்பாஸ் சிரித்தான். "தோத்தவனுக்கு இருக்கிற ஒரே நம்பிக்கை அந்தக் கழுதைதான். அதை அவன் தலையில வச்சுக்கொண்டு திரிவானே தவிர ஒளிக்கமாட்டான்."

முச்சக்கரவண்டியில் ஏறியதும் சிவலட்சுமி விரல் விட்டு எண்ணினாள். வெல்கிறவனுக்குக் கழுதை வேண்டும். தோற்கிறவனுக்கு அதைவிட வேண்டும். தேத்தண்ணிக்கடைக்காரனுக்கு இருவரும் வேண்டும்.

"பைசர், இதை நிப்பாட்டவேணும் எண்டு நினைக்கிற ஆள் இந்த ஊரில ஆர்?"

"அப்பிடி ஒரு ஆள் இருந்தா அவருக்குச் சொந்த ஊர் வேறயாத்தான் இருக்கும், மிஸ்."

அடுத்ததாக அவர்கள் சரிபுதீனின் வீட்டுக்குப் போனார்கள். அவர் சந்தியில் இருந்தார். கழுதை இல்லாத சந்தியை நேற்றிலிருந்து அவர் காவல் காக்கிறாராம். றாபியா முற்றத்தில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். வேலியோரம் சரிபுதீனின் லொறி நின்றது.

சிவலட்சுமி லொறிக்குப் பக்கத்தில் போய் மூச்சை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள்.

"பைசர், என்ன மணக்குது?"

"சன்லைட் சோப்பு, மிஸ்." அவன் முகம் மாறியது. "கருவாட்டு லொறியில சோப்பு மணமா?"

"உங்கட மனிசன் லொறி கழுவுறவரா?" என்று றாபியாவைக் கேட்டாள்.

"நேற்றுக் கழுவினவர். ஏனெண்டு எனக்கும் விளங்கேல்ல. எங்கட கலியாணத்துக்கே கழுவேல்ல, மிஸ். நான் வாளைக் கருவாட்டோட ஒண்டாத்தான் இந்த வீட்டுக்கு வந்தனான்."

பைசர் லொறியின் பின்பலகையைத் தடவிப் பார்த்தான். மேல் விளிம்பில் வரிசையாகப் பெரிய பற்கள் பதிந்திருந்தன.

"கருவாடு கடிக்காது, மிஸ்" என்றான்.

நேற்றுக் காலை லொறியை ஓட்டியது யார் என்று சிவலட்சுமி கேட்டாள். தன் தம்பி ஹலீம் என்றாள் றாபியா. விடியற்காலை கொண்டுபோய் மத்தியானம் கொண்டுவந்து விட்டானாம். பிறகு போனை நிறுத்திவிட்டு எங்கேயோ போய்விட்டான். சரிபுதீன் அவனுக்கு அழைத்து அழைத்தே நேற்று அவருடைய போன் சார்ஜ் தீர்ந்துவிட்டதாம்.

"லொறி வெறுமையாவா வந்தது?"

றாபியா வீதியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அவர்களை உள்ளே கூட்டிப்போனாள். அலுமாரியைத் திறந்தாள். புடவைகளுக்குக் கீழே ஒரு மூட்டை அரிசி படுத்திருந்தது.

"அரிசியை ஏன் அலுமாரிக்குள்ள வச்சிருக்கிறீங்கள்?"

"இவர் கண்டா இதையும் கழுதைக்கு முன்னால வச்சிடுவார், மிஸ். தம்பி தந்தவன். நறுவிலிக்குளத்தில அவன்ர கூட்டாளி தில்லைநாதன் எண்டவர் புது நெல்லைக் குத்தித் தந்தவராம். மச்சானுக்கு மட்டும் சொல்லாதே எண்டான்."

மன்னார்த் தீவில் நெல் விளையாது. புது அரிசி பாலத்தைத் தாண்டிப் பெருநிலத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். போகும்போது கழுதை ஏறிய லொறியில் வரும்போது அரிசி ஏறியிருக்கிறது.

"வண்டியை எடுங்கோ, பைசர். நறுவிலிக்குளம்."

*

தில்லைநாதனின் களத்தில் ஜெனிவா வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. சாம்பல் நிறம், சிறிய உடம்பு, உலகத்தின் பிரச்சினைகள் எல்லாவற்றையும் பரிசீலிப்பதுபோல ஒரு முகம். அதன் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஹலீம் நின்றான். இவர்களைக் கண்டதும் நெஞ்சை நிமிர்த்தினான்.

"மச்சான்தானே அனுப்பினவர்? கழுதை எங்க எண்டு என்ர உயிர் போனாலும் சொல்லமாட்டன்."

"கழுதையின்ர கயித்தைப் பிடிச்சுக்கொண்டு என்னத்தைச் சொல்லமாட்டீங்கள்?" என்றான் பைசர்.

ஹலீம் கயிற்றைப் பார்த்தான். பிறகு வைக்கோலின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"நான் என்ன செய்ய, மிஸ்? நேற்று விடிய சுபஹ் தொழுதிட்டு வந்து மச்சான் என்ர கையைப் பிடிச்சார். அக்காட மெஷினையும் வச்சுத் தோத்திட்டன் எண்டு அழுதார். 'ஹலீம், காலமையில எனக்குப் புத்தி இருக்கு. பின்னேரம் இருக்காது. இந்தக் கழுதையைக் கொண்டுபோய் எங்கயாவது விடு, எங்க எண்டு எனக்குச் சொல்லாதே. பின்னேரத்துச் சரிபுதீன் வந்து கேப்பான். அழுவான். அவனை நம்பாதே, அடிச்சாவது கலைச்சு விடு' எண்டார். அவரேதான் என்னோட சேந்து கழுதையை லொறியில தூக்கி ஏத்தினவர்."

ஜெனிவா இன்னொரு வாய் வைக்கோலை இழுத்தது.

"அப்ப கள்ளனும் சரிபுதீன், பறிகுடுத்தவரும் சரிபுதீன்" என்றான் பைசர். "பொலிசுக்குப் போனா ரெண்டு வாக்குமூலமும் ஒரே கையெழுத்தில இருக்கும். மிஸ், எங்களை வேலைக்குப் பிடிச்சது எந்தச் சரிபுதீன்?"

"பின்னேரத்து ஆள்." சிவலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதன் தன்னையே நம்பமுடியாமல், தனக்குத் தெரியாத இடத்தில் தன் ஆசையை ஒளித்து வைத்திருக்கிறான். அதைத் தேடி எடுத்துக் கொடுப்பதற்கு அவள் சம்மதித்திருக்கிறாள்.

அவள் சரிபுதீனுக்கு அழைத்தாள். பின்னால் தேத்தண்ணிக்கடையின் இரைச்சல் கேட்டது.

"நானா, நான் ஹலீமோட நிக்கிறன்."

இரைச்சல் தூரமானது, அவர் கடையை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். பிறகு மெல்லிய குரல். "வெக்கமா இருக்கு, மிஸ். நானே ஒளிச்சன், நீங்கள் தேடித் தாங்கோ எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"நான் கழுதையைக் கொண்டுவரமாட்டன். காலமை நீங்கள் எடுத்த முடிவுதான் சரி. பேசாம வீட்டை போங்கோ."

"ஐயோ, அப்பிடிச் சொல்லாதீங்கோ! இஞ்ச இப்ப வேற பந்தயம் நடக்குது. ஜெனிவா இண்டைக்கு மஃரிபுக்கு முன்னம் வருமா வராதா எண்டு."

சிவலட்சுமியின் முகம் மலர்ந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை இந்த மனிதருக்கு விடை முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. "அப்ப வராது எண்டு கட்டுங்கோ, நானா! அது உங்களுக்குத் தெரியும்தானே? எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்கொண்டு இதோட விடுங்கோ."

"நான் கட்டிட்டன், மிஸ்."

"நல்லது."

"வரும் எண்டு கட்டிட்டன்."

"என்ன?"

"எத்தினை நாளாத் தோத்துக்கொண்டு வாறன்! இண்டைக்கு மாறத்தானே வேணும்? அதோட நீங்கள் கெட்டிக்காரி எண்டு எல்லாரும் சொல்லுறாங்கள். நான் உங்களை நம்பித்தான் கட்டினன்."

"என்னத்தை வச்சீங்கள்?"

"லொறியை. வீட்டால கொண்டந்து சந்தியில விட்டிருக்கிறன்."

போன் கையிலேயே இருந்தது. லொறி போனால் கருவாட்டு வியாபாரம் போகும். வியாபாரம் போனால் அலுமாரிக்குள் இருக்கிற அரிசியோடு அந்தக் குடும்பத்தின் கதை முடியும்.

பைசர் தொண்டையைச் செருமினான். "மிஸ், கோவிக்காதீங்கோ. இண்டைக்கு நீங்கள்தான் கழுதை."

அவள் களத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். கழுதையைக் கொண்டுபோகாவிட்டால் சரிபுதீன் லொறியை இழப்பார். கொண்டுபோனால் வெல்வார். ஒருமுறை வென்ற மனிதரை அதற்குப் பிறகு அந்தச் சந்தியிலிருந்து கிரேன் வைத்தும் கிளப்ப முடியாது. நாளைக்கு வீட்டை வைப்பார்.

திரும்பி வந்தபோது அவள் நடையில் அவசரம் இருந்தது.

"பின்சீற்றைக் கழட்டுங்கோ, பைசர். ஹலீம், நீங்கள் முன்காலைப் பிடியுங்கோ."

"மிஸ், இது முச்சக்கரவண்டி! மூண்டு சில்லும் நாலு காலும் சேந்தா என்ன வாகனம் எண்டு பதியிறது?"

ஜெனிவா ஏறுவதா இல்லையா என்று முடிவெடுக்க நேரம் எடுத்தது. தில்லைநாதன் வந்து பின்னாலிருந்து தோள் கொடுத்தார். கழுதையின் தலை வலப்பக்கம் வெளியே நீண்டது, வால் இடப்பக்கம் தொங்கியது. பைசருக்குப் பக்கத்தில் அரை ஆசனத்தில் சிவலட்சுமி ஒட்டிக்கொண்டாள். கையில் ஒரு வாழைப்பழத்தோடு ஹலீம் களத்திலேயே நின்றுவிட்டான். கழுதையைப் பிரிவதில் அவனுக்குக் கொஞ்சம் கவலை.

பாலத்தடியில் பொலிஸ்காரர் ஒருவர் கையை நீட்டினார். வண்டியைச் சுற்றி வந்தார். கழுதையை அவர் பார்த்தார், கழுதையும் அவரைப் பார்த்தது.

"மே மொக்கத?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

"கழுதை, சேர்."

"நம மொக்கத?" என்று பேரைக் கேட்டு அவர் கொப்பியைத் திறந்தார்.

"ஜெனிவா, சேர்" என்றான் பைசர்.

பொலிஸ்காரர் கொப்பியை மெதுவாக மூடினார். அந்தப் பேரில் தன் கையெழுத்தோடு எதுவும் எழுதி வைக்க அவர் விரும்பவில்லைப் போலும். போகச் சொல்லிக் கை காட்டினார்.

*

ஓலைத்தொடுவாய்ச் சந்தியில் ஊரே நின்றது. சூரியன் கடலுக்குக் கிட்ட இறங்கியிருந்தது. வண்டியிலிருந்து நீண்டிருந்த தலையைக் கண்டதும் ஓர் ஓலம் எழுந்தது. சரிபுதீன் இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்தினார்.

"வந்திட்டுது! வந்திட்டுது!"

"வரேல்ல!" என்று இன்பாஸ் பாய்ந்து வந்தான். "கொண்டந்திருக்கு! வாறது எண்டா தன்ர காலால வரவேணும்!"

"கால் உள்ளுக்குத்தானே இருக்கு!"

"நிலத்தில படேல்ல!"

"அப்ப நீ வெளிநாட்டால பிளேனில வந்தா வந்தது இல்லையா?"

நௌஷாட் கடையை விட்டுவிட்டு நடுவராக ஓடி வந்தார். கழுதையை இறக்கப் பார்த்தார்கள். அது இறங்கவில்லை. முன்னங்கால் ஒன்றை வெளியே நீட்டி, நிலத்துக்கு ஒரு சாண் மேலே அப்படியே நிறுத்தி வைத்துக்கொண்டு யோசித்தது. கூட்டம் மூச்சைப் பிடித்தது.

சிவலட்சுமி வண்டியின் படியில் ஏறி நின்றாள்.

"ஒரு நிமிசம். கழுதையை ஒளிச்ச ஆளையும் கண்டுபிடிச்சிட்டன்."

சரிபுதீனின் கைகள் கீழே இறங்கின. அவர் அவளைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். வேண்டாம், மிஸ். வேண்டாம்.

அவளுக்கு அந்த முகத்தைப் பார்ப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் களத்தைச் சுற்றி நடந்தபோது அவள் ஒன்றை யோசித்திருந்தாள். பந்தயம் கட்டுகிறவர்கள் பொய்யை மன்னிப்பார்கள், கடனைப் பொறுப்பார்கள். கழுதையில் கை வைத்தவனோடு மட்டும் மறுபடி விளையாடமாட்டார்கள்.

"ஒளிச்சது சரிபுதீன் நானா."

எல்லாத் தலைகளும் சரிபுதீன் பக்கம் திரும்பின.

"உண்மையா?" என்றான் இன்பாஸ்.

"ஓம்" என்றார் சரிபுதீன். நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "விளையாட்டை விடவேணும் எண்டு ஒளிச்சன். விடேலாமப் போச்சுது."

இன்பாஸ் விரல்களை மடக்கி யோசித்தான். "இருங்கோ. ஒளிச்சவன் வராது எண்டு கட்டினா அவன் கள்ளன். அது விளங்குது. தானே ஒளிச்சிட்டு வரும் எண்டு லொறியை வச்சவன்…" அவன் தடுமாறினான். அந்த ஊரின் எல்லா வசைச்சொற்களிலும் இதற்கு ஒன்று கிடைக்கவில்லை. கடைசியில், கொஞ்சம் மரியாதையோடுகூட, சொன்னான். "விசரன்."

"விசரனோட பந்தயம் கட்டினா வெண்டாலும் வெக்கம்" என்றார் நௌஷாட். "இந்தப் பந்தயம் செல்லாது. லொறி வேண்டாம். சரிபுதீன் நானா, நீங்கள் இனி இந்தச் சந்தியில ஒரு ஈர்க்கில்குச்சியும் வைக்கக்கூடாது. உங்களுக்குத் தேத்தண்ணி காலமையில மட்டும்தான்."

ஊர் அதை ஏற்றுக்கொண்டது. யாரும் சரிபுதீனை ஏசவில்லை. நோயாளிக்கு வழி விடுவதுபோல விலகி நின்றார்கள். அவர் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தார். வென்ற பொருளும் இல்லை, தோற்ற பொருளும் திரும்பவில்லை. ஆனாலும் பாரம் இறக்கிய ஆள்போலத்தான் நடந்தார். பாதி வழியில் லொறியை மறந்துவிட்டது நினைவு வந்து, திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. ஜெனிவா இறங்கி, இரண்டு பக்கமும் திரும்பாமல், வந்த வழியே போனது.

*

அடுத்த கிழமை ஒரு பின்னேரம், கருவாடு வாங்குகிற சாட்டில் சிவலட்சுமியும் பைசரும் சரிபுதீனின் வீட்டுக்குப் போனார்கள். அவர் முற்றத்தில் மரக்குற்றி ஒன்றில் உட்கார்ந்து, கால்களை ஆட்டிக்கொண்டிருந்தார். றாபியா பாயில் கருவாட்டைப் பரப்பிக்கொண்டிருந்தாள். வேலியோரம் இரண்டு ஆடுகள் கட்டியிருந்தன.

"சுகமா, நானா?"

"இருக்கிறன், மிஸ். சந்திப் பக்கமே போகேல்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு சின்ன உதவி. கடையில இப்ப புதுப் பந்தயமாம். நோன்பு பிறக்கிறவரைக்கும் நான் சந்திக்குப் போகாம இருப்பனா, இல்லாட்டிப் போயிடுவனா எண்டு. என்னைச் சேக்கமாட்டாங்கள். நீங்கள் போய், என்ர பேரைச் சொல்லாம, போகமாட்டன் எண்ட பக்கம் ஒரு சாமான் வைப்பீங்களா? இது தோக்கவே முடியாத பந்தயம், மிஸ். கழுதை நான்தானே!"

பைசர் பாயிலிருந்து ஒரு கருவாட்டை எடுத்து மணந்து பார்த்தான்.

"தேவையில்லை" என்றாள் றாபியா, குனிந்தபடியே. "நான் வச்சிட்டன்."

சரிபுதீன் திரும்பினார். "நீயா? என்னத்தை?"

"ஆட்டை."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்."

சந்திப் பக்கமிருந்து கூட்டத்தின் சத்தம் எழுந்தது. ஜெனிவா வந்துவிட்டது போலிருக்கிறது. சரிபுதீனின் கால்கள் ஆட்டத்தை நிறுத்தின. அவர் சந்தியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் வச்சனீ? போவன் எண்டா, போகமாட்டன் எண்டா?"

றாபியா ஒரு பாரைக் கருவாட்டை எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்து, பாயில் வைத்தாள்.

"றாபியா, உன்னைத்தான் கேக்கிறன். எந்தப் பக்கம்?"

அவள் அடுத்த கருவாட்டை எடுத்தாள்.

சரிபுதீன் எழுந்து படலைவரை போனார். படலையின் கொளுக்கியில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் அவளையே பார்த்து நின்றார். பிறகு வந்து மரக்குற்றியில் உட்கார்ந்தார்.